காவற் கலங்களும் மாதவிடாய் வலியும்

மாதவிடாய் நாள்களிற் பெண்களுக்கு வயிற்றுவலி உண்டாவது வழமை என்றும், அதனைப் பொறுத்துக்கொள்வதே பெண்ணின் இயல்பு என்றும் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. தாம் பொறுத்ததை இளையோரும் பொறுக்க வேண்டும் என்று மூத்தோர் எண்ணுவர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. சிறிய வலி பலருக்கும் வருவதே; ஓரிரு நாளில் அது தானே தணிந்துவிடும். ஆயின், மாதந்தோறும் ஒரு மாணவியைப் பாடசாலைக்குச் செல்லவிடாது படுக்கையிற் கிடத்தும் வலியும், மருந்துக்கும் தணியாத வலியும், ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து செல்லும் வலியும் அவ்வியல்பான வலியின் பாற்பட்டவை அல்ல. அவற்றின் பின்னால் ஒரு நோய் மறைந்திருத்தல் கூடும். எண்டோமெற்றியோசிஸ் என்பது அந்நோய்க்கு வைத்தியர் வழங்கும் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரை, அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேரை, இந்நோய் பீடித்துள்ளது.

இந்நோயின் தன்மையை விளங்கிக்கொள்வதற்குக் கருப்பையின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். கருப்பையின் உட்புறத்தை மெல்லிய இழையம் ஒன்று போர்த்தியுள்ளது. அதனை அகப்படலம் எனலாம். சூலகத்திற் சுரக்கும் ஈஸ்திரஜன் என்னும் ஓமோனின் ஏவலால் இப்படலம் மாதந்தோறும் தடித்து, குருதிக் குழாய்கள் நிறைந்து, கருவை ஏற்பதற்கு ஆயத்தமாகின்றது. கரு வந்து தங்காதவிடத்து அது சிதைந்து குருதியோடு வெளியேறுகின்றது. இதுவே மாதவிடாய். எண்டோமெற்றியோசிஸ் நோயிலோ, இந்த அகப்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வேரூன்றி வளர்கின்றது. சூலகத்தின் மீதும், இடுப்புக்குழியின் உட்சுவரைப் போர்த்தியுள்ள சவ்வின் மீதும், சிலவேளைகளிற் பெருங்குடல், சலப்பை முதலியவற்றின் மீதும் அது காணப்படும். இடம் மாறியும் அதன் குணம் மாறுவதில்லை. அதுவும் ஓமோனின் ஏவலுக்கு அமைந்து தடிக்கின்றது. அதிலும் குருதி கசிகின்றது. ஆனால் அக்குருதி உடலை விட்டு வெளியேறுதற்கு வழி இல்லை.

இத்தகைய இடம் மாறிய இழையத்தை 1860 ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் வியன்னா நகரிற் கார்ல் வொன் ரொக்கிற்றான்ஸ்கி என்னும் நோயியல் அறிஞர் எடுத்து விபரித்தார். எனினும், அது எவ்வாறு அங்கு வந்தது என்பதற்கு ஒரு தெளிவான விளக்கத்தைத் தந்தவர் அமெரிக்காவின் அல்பனி நகரில் வாழ்ந்த ஜோன் சாம்சன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரே. சூலகத்திற் பழைய குருதி தேங்கிக் கபில நிறமான குழம்பு போல நிறைந்திருக்கும் கட்டிகளைப் பற்றி 1921 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். சொக்கலேற் கட்டிகள் என்று அவை இன்றும் வழங்கப்படுகின்றன. பின்னர் 1927 ஆம் ஆண்டில் அவர் தமது கொள்கையை விரிவாக வெளியிட்டார். மாதவிடாயின்போது குருதி முழுவதும் கீழ்நோக்கி வெளியேறுவதில்லை. ஒரு பகுதி பலோப்பியன் குழாய்களின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து வயிற்றறையினுள் விழுகின்றது. அதனோடு சென்ற அகப்படலத் துணுக்குகள் விழுந்த இடத்தில் முளைகொள்கின்றன என்பதே அக்கொள்கை. வயலில் விதைத்த நெல்லிற் சில மணிகள் வரப்பிற் சிந்தி முளைப்பதை இதற்கு உவமை கூறலாம். உடலின் மிகத் தொலைவான இடங்களிற் சிலவேளை இவ்விழையம் தோன்றுதலை இக்கொள்கை ஒன்றினாலே விளக்குதல் அரிது. ஆயினும் பெரும்பாலானோரின் நோய்க்கு இதுவே பொருந்தும் விளக்கமாக இன்றுவரை கொள்ளப்படுகின்றது.

ஆனால் இவ்விளக்கம் ஒரு பெரிய வினாவையும் உடன் கொண்டு வந்தது. 1984 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹல்மே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மாதவிடாய் நாள்களில் வயிற்றறை நீரைச் சோதித்தனர். குழாய்கள் அடைபடாத பெண்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் வயிற்றறையிற் குருதி காணப்பட்டது. நோயுள்ளோர், நோயில்லாதோர் என்ற வேறுபாடு அங்கு இருக்கவில்லை. ஆகவே, குருதி பின்னோக்கிப் பாய்தல் ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. அவ்வாறாயின், பத்திற் பெரும்பாலோருக்கு ஒரு தீங்கும் விளையாதிருக்க, ஒருவருக்கு மாத்திரம் அத்துணுக்குகள் வேரூன்றுவது ஏன்? விதை எங்கும் விழுகின்றது. முளைப்பதோ சில நிலங்களில் மாத்திரமே. நிலத்தின் வேறுபாடு யாது? இவ்வினாவுக்கு விடை தேடிய விஞ்ஞானிகளின் கவனம் உடலின் காவற் கலங்களின் மீது சென்றது.

காவற் கலங்களின் கதை ஒரு கடற்கரையில் ஆரம்பமாகின்றது. 1882 ஆம் ஆண்டில் இத்தாலிக்குத் தெற்கேயுள்ள சிசிலித் தீவின் மெசீனா நகரில் இலியா மெச்னிக்கோவ் என்னும் விலங்கியல் அறிஞர் தங்கியிருந்தார். ஒருநாள் குடும்பத்தவர் வித்தைக் குரங்குகளைப் பார்க்கச் சென்றுவிட, அவர் தனியே அமர்ந்து, கண்ணாடி போல் ஊடு தெரியும் நட்சத்திர மீன் குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் நோக்கிக்கொண்டிருந்தார். அவற்றின் உடலினுள் அலைந்து திரியும் சில கலங்களைக் கண்டதும், இவை உயிரைக் காக்கும் காவலர்களாய் இருக்கலாமோ என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. உடனே ரோசாச் செடியின் முள்களைக் கொணர்ந்து அக்குடம்பிகளின் தோலினுள்ளே செருகினார். மறுநாட் காலை அம்முள்களை அக்கலங்கள் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்க முயலும் கலங்கள் உண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது. இத்துறையிற் செய்த பணிக்காக 1908 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பால் ஏர்லிச் என்னும் ஜேர்மனிய அறிஞர் அதனைப் பகிர்ந்துகொண்டார். மனித உடலிலும் இத்தகைய கலங்கள் உள. அவற்றுட் பெரியவற்றைப் பெருந்தின்கலங்கள் என்பர்.

காவற் கலங்கள் தமது தொழிலைச் செய்யுமிடத்து அழற்சி உண்டாகின்றது. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, நோகின்றது. இந்நான்கு குறிகளையும் முதலாம் நூற்றாண்டிலேயே உரோமானிய எழுத்தாளர் செல்சஸ் குறித்து வைத்தார். தமிழிலும் அழற்சி என்னும் சொல் நெருப்பைக் குறிக்கும் அழல் என்பதனோடு உறவுடையது. அழற்சி இயல்பில் தீயது அன்று. அடுப்பில் எரியும் நெருப்பு வேலை முடிந்ததும் அவிக்கப்படுவது போல, முள் நீங்கியதும் அழற்சியும் அடங்குகின்றது, புண் ஆறுகின்றது. அடங்க வேண்டிய நெருப்பு அடங்காது கனன்றுகொண்டே இருப்பின், அதுவே நோயாகின்றது.

நோயற்ற பெண்ணின் வயிற்றறையில் நிகழ்வது யாதெனின், பின்னோக்கி வந்த குருதியையும் இழையத் துணுக்குகளையும் காவற் கலங்கள் விரைவில் அகற்றிவிடுகின்றன. இயற்கைக் கொல்லிக் கலங்கள் எனப்படும் ஒருவகை வெண்கலங்கள், இடம் தவறிய கலங்களை அழிக்கும் ஆற்றலுடையவை. பெருந்தின்கலங்கள் எச்சங்களை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. மாதவிடாய் முடிந்த சில நாள்களில் அங்கு நடந்ததற்கு அடையாளமே இராது.

நோயுள்ளவர்களிடத்து இவ்வொழுங்கு குலைந்து காணப்படுகின்றது. 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிமொவ்ஸ்கி என்பவரும் அவருடன் உழைத்தோரும், தாமாகவே இந்நோயைப் பெற்ற றீசஸ் குரங்குகளைச் சோதித்து, தம் அகப்படல இழையத்துக்கு எதிராக அவற்றின் காவற் கலங்கள் காட்டிய எழுச்சி குன்றியிருத்தலைக் கண்டனர். 1991 ஆம் ஆண்டிற் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள், நோயுள்ள பெண்களின் இயற்கைக் கொல்லிக் கலங்கள் அவர்களுடைய அகப்படலக் கலங்களை அழிக்கும் ஆற்றலிற் குன்றியிருத்தலை அறிவித்தனர். நோயுள்ளோரின் வயிற்றறை நீரிலுள்ள சில பொருள்களே இக்கலங்களின் கையைக் கட்டிவிடுகின்றன என்பது பின்வந்த ஆய்வுகளால் தெரியவந்தது. காவலர் இல்லாமற் போகவில்லை; செயலற்றுப் போயினர்.

இதனினும் வியப்புக்குரியது பெருந்தின்கலங்களின் நடத்தை. நோயுள்ளோரின் வயிற்றறையில் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை, பெருகுகின்றது. பெருகியும் அவை துப்புரவைச் செவ்வனே செய்வதில்லை. மாறாக, புண்ணை ஆற்றும் வேளையில் எடுக்கும் கோலத்தை எடுத்துக்கொள்கின்றன. புதிய குருதிக் குழாய்களை வருவிக்கும் பொருள்களைச் சுரந்து, இடம் தவறிய இழையத்துக்கு ஊட்டம் கிடைக்கச் செய்கின்றன. வேலியே பயிரை மேய்ந்தது என்பது பழமொழி. இங்கு வேலி களைக்கு நீர் பாய்ச்சுகின்றது. 2009 ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் இதனைச் சுண்டெலிகளிற் சோதித்தனர். பெருந்தின்கலங்களை அகற்றிய எலிகளில், பொருத்தப்பட்ட இழையம் செழித்து வளரவில்லை; அதற்குக் குருதிக் குழாய்களும் போதிய அளவு தோன்றவில்லை.

ஆயினும் பெருந்தின்கலங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பிரித்தானிய ஆய்வாளர்கள் 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட எலி ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. அகப்படலத் துணுக்கோடு கூடவே வந்த பெருந்தின்கலங்கள் இழையத்தின் வளர்ச்சிக்குத் துணைபோயின. வயிற்றறையிற் குடிகொண்டிருந்த பெருந்தின்கலங்களுள் ஒரு வகையோ அவ்வளர்ச்சியைத் தடுத்தன. ஆகவே, காவலரை ஒருமிக்க ஒழித்துவிடுதல் தக்க சிகிச்சை ஆகாது. எவர் காவலர், எவர் களைக்குத் துணைபோவோர் என்று பிரித்தறிதலே செய்யத்தக்கது.

நெருப்பு அணையாதிருப்பதற்கு வேறும் காரணங்கள் உள. இடம் தவறிய இழையத்தில் மாதந்தோறும் குருதி கசிவதால் அது ஆறாத புண்ணாகவே இருக்கின்றது. ஆறத் தொடங்கும் வேளையில் அடுத்த மாதவிடாய் வந்து அதனை மீண்டும் கிளறிவிடுகின்றது. சிதைந்த செங்கலங்களிலிருந்து வெளிப்படும் இரும்பு அங்கு தேங்கி, அயலிலுள்ள இழையங்களுக்கு ஊறு செய்து, மேலும் காவற் கலங்களை அழைக்கின்றது. காயமும் ஆறுதலும் மாறி மாறி நிகழுமிடத்து, தோலிலே தழும்பு தோன்றுவது போன்று வயிற்றறையினுள்ளும் கடினமான நாரிழையம் தோன்றுகின்றது. அதனால் சூலகம், குழாய், குடல் ஆகியன ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அசைந்து இயங்க வேண்டிய உறுப்புகள் கட்டுண்டு கிடக்கும்போது, மலங்கழித்தல் போன்ற சாதாரண செயல்களும் வேதனை தருகின்றன.

ஓமோனுக்கும் அழற்சிக்கும் இடையே ஒரு சுழற்சியும் உண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் பணியாற்றும் சேர்தார் புலுன் என்பவரும் பிறரும் இதனை ஆராய்ந்து விளக்கியுள்ளனர். ஈஸ்திரஜனை ஆக்குவதற்கு அரோமற்றேஸ் என்னும் நொதியம் வேண்டும். ஆரோக்கியமான அகப்படலத்தில் இந்நொதியம் இல்லை என்றே சொல்லலாம்; இடம் தவறிய இழையத்திலோ அது உண்டு. ஆகவே அவ்விழையம் சூலகத்தை மாத்திரம் நம்பியிராது, தனக்கு வேண்டிய ஈஸ்திரஜனைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. அந்த ஈஸ்திரஜன் புரொஸ்ரகிளாண்டின் என்னும் அழற்சிப் பொருளின் உற்பத்தியைப் பெருக்குகின்றது. அப்புரொஸ்ரகிளாண்டின் மீண்டும் அரோமற்றேசைத் தூண்டி ஈஸ்திரஜனைப் பெருக்குகின்றது. செக்கைச் சுற்றும் மாடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதுபோல, ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே செல்கின்றது. இதனைத் தணிக்க வல்ல புரொஜெஸ்தரோன் என்னும் மற்றை ஓமோனின் சொல்லுக்கோ இவ்விழையம் முழுமையாகச் செவிசாய்ப்பதில்லை.

வலி எவ்வாறு பிறக்கின்றது என்பதும் இதனால் விளங்கும். புரொஸ்ரகிளாண்டின் கருப்பைத் தசையை இறுகச் சுருங்கச் செய்வதோடு நரம்பு முனைகளையும் கூருணர்ச்சி உடையனவாக்குகின்றது. அன்றியும், இடம் தவறிய இழையத்தினுட் புதிய நரம்பு இழைகளும் வளர்கின்றன. பெருந்தின்கலங்கள் சுரக்கும் வளர்ச்சிப் பொருள் ஒன்று அந்நரம்புகளை வளர்த்து, அவற்றின் உணர்ச்சியையும் மிகுவிக்கின்றது என்பதை 2019 ஆம் ஆண்டில் எடின்பரோ நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு செய்தி சென்றுகொண்டிருந்தால் முள்ளந்தண்டும் மூளையும்கூட வலிக்குப் பழகி, சிறு தூண்டலையும் பெரிதாக உணரத் தலைப்படுகின்றன. இதனாலேயே, சத்திரசிகிச்சையிற் சில சிறு புள்ளிகளே காணப்பட்ட பெண்ணுக்குத் தாங்கொணா வலியும், பெரிய கட்டியை உடைய பெண்ணுக்குச் சிறிய வலியும் இருத்தல் உண்டு. கண்ணுக்குத் தெரியும் அளவைக் கொண்டு வலியை அளத்தல் தவறு.

பிள்ளைப்பேறு தடைப்படுவதற்கும் அழற்சி ஒரு காரணமாகின்றது. ஒட்டிக்கொண்ட உறுப்புகளால் முட்டை குழாயைச் சென்றடைதல் தடைப்படுகின்றது. அழற்சிப் பொருள்கள் நிறைந்த வயிற்றறை நீர் முட்டைக்கும் விந்துக்கலத்துக்கும் உகந்ததன்று. நோயுள்ளோரின் பெருந்தின்கலங்கள் விந்துக்கலங்களை மிகுதியாக விழுங்குதலும் 1982 ஆம் ஆண்டிலேயே ஆய்வுகூடத்திற் காணப்பட்டது. எனினும் இந்நோயுடைய பெண்கள் யாவரும் பிள்ளைப்பேறு அற்றவர் என்று கொள்ளலாகாது. இயல்பாகக் கருவுற்றுத் தாயானோர் பலர்.

காவற் கலங்களிற் பிழை உண்டு என்றறிந்தபின், அப்பிழையைத் திருத்தும் மருந்து கிடையாதா என்ற வினா எழுதல் இயல்பு. அழற்சியைத் தூண்டும் ரி.என்.எவ். என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதத்துக்கு வழங்கப்படுகின்றன. கென்யா நாட்டிற் பபூன் குரங்குகளிற் சோதித்தபோது, அவ்வகை மருந்துகள் எண்டோமெற்றியோசிசையும் குறைத்தன. நம்பிக்கை பிறந்தது. ஆனால் ஆழமாக வேரூன்றிய நோயுடைய 21 பெண்களில் நடத்தப்பெற்று 2008 ஆம் ஆண்டில் வெளியான லூவன் நகர ஆய்வில், அம்மருந்து பெற்றோருக்கும் வெறும் மருந்து பெற்றோருக்கும் வலி தணிதலில் வேறுபாடு காணப்படவில்லை. குரங்கிற் பலித்தது மனிதரிற் பலியாமற் போயிற்று. எனினும் முயற்சி நின்றுவிடவில்லை. காவற் கலங்களை அழைக்கும் இன்டர்லூக்கின்-8 என்னும் மற்றொரு பொருளைத் தடுக்கும் மருந்து, குரங்குகளில் இழையத்தையும் ஒட்டுதலையும் குறைத்தது என்று 2023 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்துள்ளனர்.

ஆகவே, இந்நோயை அடியோடு மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அதனைக் கட்டுப்படுத்தும் வழிகள் உள. இபுபுறுபென், மெபனமிக் அமிலம் போன்ற மருந்துகள் புரொஸ்ரகிளாண்டின் உற்பத்தியைக் குறைத்து வலியைத் தணிக்கின்றன. ஓமோன் மாத்திரைகளும் புரொஜெஸ்தரோனை ஒத்த மருந்துகளும் இழையத்தின் மாதாந்தக் குருதிக் கசிவைக் குறைத்து, நெருப்புக்கு விறகிடுதலை நிறுத்துகின்றன. தேவைப்படுமிடத்துச் சத்திரசிகிச்சையால் இழையம் அகற்றப்படுகின்றது; எனினும் சிலரில் அது மீண்டும் தோன்றும். எவருக்கு எது தக்கது என்பது வயதையும், நோயின் நிலையையும், பிள்ளைப்பேற்று விருப்பத்தையும் நோக்கி வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது. பிறருக்குக் கொடுத்த மாத்திரையைத் தாமாக வாங்கி உட்கொள்ளுதல் கூடாது.

நோயின் கொடுமையிலும் கூடிய கொடுமை, அது இனங்காணப்படுவதற்குச் செல்லும் காலமே. வலி தொடங்கியதற்கும் நோய் இன்னதென்று அறியப்படுவதற்கும் இடையிற் பல ஆண்டுகள் கழிந்துவிடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வயிற்றினுட் குழாய்க் கருவி செலுத்திப் பார்த்த பின்னரே நோயை உறுதிசெய்தல் வேண்டும் என்பது முன்னைய கொள்கை. ஐரோப்பிய வைத்தியச் சங்கத்தவர் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில் அந்நிலை மாற்றப்பட்டது. நோயாளியின் கூற்றைக் கவனமாகக் கேட்டு, உடலைப் பரிசோதித்து, ஒலிப்படம் முதலியவற்றின் துணையோடு சிகிச்சையைத் தொடங்கலாம் என்று இப்பொழுது கொள்ளப்படுகின்றது. ஒலிப்படத்தில் ஒன்றும் தோன்றாமையைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவு செய்தலும் ஆகாது.

ஆகவே இந்நோயை அறிதலின் முதற்படி ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்பதே. மாதந்தோறும் குறித்த நாள்களிற் பாடசாலைக்கு வாராத மாணவியை மடிந்தவள் என்றும், வலியால் அழும் மகளைப் பொறுமையற்றவள் என்றும் கூறுமுன் ஒரு கணம் நின்று வினாவுதல் வேண்டும். வலி எத்தனை நாள் நீடிக்கின்றது, மருந்துக்குத் தணிகின்றதா, மலசலம் கழிக்கும்போது நோகின்றதா, ஆண்டுதோறும் கூடுகின்றதா என்னும் இவ்வினாக்களை ஒரு தாயும் கேட்கலாம். ஓர் ஆசிரியையும் கேட்கலாம். விடைகளைத் திகதியோடு குறித்துச் சென்றால் வைத்தியருக்கு அது பெருந்துணையாகும். அவ்வலி மனத்தின் கற்பனை அன்று. காவற் கலங்களும், அவை சுரக்கும் பொருள்களும், அவற்றால் வளர்ந்த நரம்புகளும் உடலினுள் உண்மையாகவே உள்ளன, நுணுக்குக்காட்டியிற் காணக்கூடியன, ஆய்வுகூடத்தில் அளக்கக்கூடியன. உள்ளே கனலும் நெருப்பு வெளியே தெரியாததனால், அது இல்லை என்று ஆகிவிடாது.